பூகம்பம் வந்தால் பணி நிரந்தரம்

திருநெல்வேலியில் பூமி அவ்வளவாக ஆடுவதில்லை. தாமிரபரணியில் வெள்ளம் வரும், ஆனி மாதம் தேர் ஆடி அசைந்து வரும். பூமி மட்டும் தன் பாட்டுக்குக் கிடக்கும். இருந்தும் மாநில நில அதிர்வுத் தாங்குதிறன் வாரியம் தன் தென்மண்டல அலுவலகத்தை இங்கேதான் கட்டியது. நிதி ஒதுக்கப்பட்டது என்னவோ வேறொரு மலை மாவட்டத்துக்கு. அங்கே நிலம் சரிந்துகொண்டே இருந்ததால் கட்டுவதற்குத் தோதான இடம் கிடைக்கவில்லை. அதற்குள் மார்ச் மாதம் வந்துவிட்டது. மார்ச் முடிந்தால் நிதி திரும்பிப் போய்விடும். வாரியம் பூகம்பத்துக்குக்கூட அவ்வளவு பயப்படாது, இதற்குப் பயப்படும். தச்சநல்லூரைத் தாண்டிக் கங்கைகொண்டான் போகிற சாலையில் உடைமரம் மண்டிய ஒரு புறம்போக்கு சும்மா கிடந்தது. நிதியை அங்கே இறக்கி வைத்தார்கள்.

கட்டடத்தைக் குறை சொல்ல முடியாது. தூண், உத்தரம் எல்லாமே எஃகு. தூணுக்கும் தூணுக்கும் நடுவே குறுக்கே சாய்வாக, ஓர் ஆள் கட்டிப் பிடிக்கிற பருமனில் எஃகுத் தண்டுகள் போட்டிருந்தார்கள். அவற்றுக்குச் சாய்வுத்தாங்கி என்று பெயர். வெளியே கண்ணாடி, உள்ளே மஞ்சள் வர்ணம் அடித்த தாங்கிகள். பேருந்தில் போகிறவர்கள் இதை ஏதோ பெரிய ஜவுளிக்கடை என்று நினைத்து எட்டிப் பார்ப்பார்கள்.

திறப்பு விழாவில் மண்டல இயக்குநர் குமரகுருபரன் பேசிய பேச்சு அன்றைக்கு எல்லோருக்கும் பிடித்திருந்தது.

"நாளைக்கே ஒரு பெரிய பூகம்பம் வந்து இந்த ஊரே தரைமட்டமானாலும், நம் அலுவலகம் மட்டும் ஒரு கீறல் இல்லாமல் நிற்கும் என்பதை மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன். வீடிழந்த மக்கள் மனு கொடுக்க ஓர் இடம் வேண்டாமா? அந்த இடமாக நாம் இருப்போம். அலுவலக நேரத்தில் அவர்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாம்."

முன்வரிசையில் இருந்த அதிகாரிகள் கைதட்டினார்கள். பின்வரிசையில் பக்கத்து ஊர் ஓட்டு வீட்டுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் தட்டினார்கள்.

அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் புதுச்சட்டை போட்டுக்கொண்டு நின்றவன் ரிச்சர்ட். பாளையங்கோட்டைக்காரன். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ரிச்சர்ட் எழுதாத போட்டித் தேர்வு கிடையாது. காதோரம் நரைக்கத் தொடங்கிய பிறகுதான் இந்த வாரியத்தில் உதவியாளர் வேலை வாய்த்தது. அதற்கு முன்பே அவன் மனைவி ஜெசிக்கு அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியை வேலை கிடைத்திருந்தது, ஆனால் தாளவாடி மலையில். இங்கிருந்து ஈரோடு போய், சத்தியமங்கலம் போய், திம்பம் மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறி, குடலைக் கையில் பிடித்துக்கொண்டு போய்ச் சேர வேண்டும். குழந்தை பெர்லின் அம்மாவோடு அங்கே இருந்தாள். அப்பா என்பவர் எப்போதாவது ஒரு நாள் வந்து அன்றைக்கே போய்விடுகிற ஒரு விருந்தாளி என்பது அவளுடைய எண்ணம். வேலை கிடைத்த சந்தோஷத்தில் ரிச்சர்டுக்கு அதெல்லாம் அப்போது பெரிதாகத் தெரியவில்லை. இன்னும் கொஞ்ச நாளில் ஜெசிக்கு மாறுதல் வாங்கிவிடலாம் என்று நினைத்தான்.

விழா முடிந்த மறுநாள் கட்டடத்தை ஒப்படைக்க வந்த பொறியாளர் ஸ்னேகா, குறுக்குத்துறைப் பக்கம் ஆற்றோரத் தெருவில் பிறந்து வளர்ந்த பெண். கட்டுமான நிறுவனத்தில் வேலை. ஒரு தாங்கியைத் தட்டிக் காட்டி இயக்குநருக்கு விளக்கினாள்.

"இதுக்குள்ள மெலிசா ஒரு இரும்பு இருக்கு சார். பூமி ஆடுச்சுன்னா அந்த ஆட்டத்தப் பூராம் அதுதான் வாங்கிக்கிடும். இழுபடும், நசுங்கும். தூணுக்கு ஒண்ணும் ஆகாது. பொறவு தாங்கிய மட்டும் கழட்டிட்டு வேற மாட்டிக்கிடலாம்."

இயக்குநர் முகம் கறுத்துவிட்டது.

"நசுங்குமா?"

"ஆமா சார். நசுங்கத்தான் போட்டிருக்கு."

"அரசுச் சொத்து நசுங்கினா யாரும்மா பொறுப்பு?"

"பூகம்பம்தான் சார் பொறுப்பு."

"பூகம்பத்துகிட்ட விளக்கம் கேக்க முடியுமா? பிடித்தம் செய்ய முடியுமா?" என்றார் இயக்குநர். அவர் முப்பது வருடம் அரசில் குப்பை கொட்டியவர். பொறுப்பு என்ற ஒன்று ஏதாவது ஒரு மனிதன் தலையில் போய் உட்காராமல் அந்தரத்தில் நிற்பதை அவரால் தாங்கிக்கொள்ள முடியாது. சுற்றுமுற்றும் பார்த்தார். புதுச்சட்டையைத் துவைத்து மறுபடியும் போட்டுக்கொண்டு வந்திருந்த ரிச்சர்ட் கண்ணில் பட்டான்.

அன்று சாயங்காலமே ஆணை வந்துவிட்டது. ரிச்சர்ட் சாய்வுத்தாங்கிக் காப்பாளர். நில அதிர்வின்போது எல்லாச் சாய்வுத்தாங்கிகளையும் செம்மையாகச் செயல்பட வைப்பது அவன் கடமை. செயல்படும்போது அவற்றுக்குச் சேதம் ஏற்பட்டால் அதற்கும் அவனே பொறுப்பு. ரிச்சர்ட் அதை இரண்டு முறை படித்துப் பார்த்தான். ஏதோ இடிக்கிறது என்று தோன்றியது. ஆனால் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும் என்று பக்கத்து நாற்காலிக்காரர் சமாதானம் சொன்னார்.

அந்த ஆணைக்குப் பிறகு வந்த முதல் சிக்கல் இயக்குநர் அறை வாசல். ஒரு சாய்வுத்தாங்கி சரியாக அந்த வாசலுக்குக் குறுக்கே இறங்கியது. உள்ளே போகிற யாரும் குனிந்துதான் போக வேண்டும். வருகிறவர்கள் குனிந்து வருவதில் இயக்குநருக்கு ஆட்சேபம் இல்லை, சொல்லப்போனால் பிடித்திருந்தது. தானும் குனிய வேண்டும் என்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. தாங்கியை அறுத்துவிடலாமா என்று கேட்டார். அறுத்தால் கட்டடத்துக்கு நான் பொறுப்பில்லை என்று ஸ்னேகா எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். கடைசியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. இயக்குநர் அறைக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும், அருகில் இருக்கிற பணியாளர்கள் அனைவரும் அவர் குனிகிற அளவைவிட ஒரு சாண் கூடுதலாகக் குனிந்து நிற்க வேண்டும். குனிவதால் அவருடைய தகுதி குறையாது, சுற்றியிருப்பவர்கள் இன்னும் கீழே இருப்பார்கள் என்பது கணக்கு. தாங்கிக்குக் காப்பாளர் என்ற முறையில் ரிச்சர்ட் எல்லோரையும்விடக் கீழே குனிந்தான். இயக்குநருக்குச் சர்க்கரை வியாதி, அடிக்கடி வெளியே போவார். ரிச்சர்டுக்கு இடுப்பு வலி வந்தது அப்போதிருந்துதான்.

இப்படியே இரண்டு வருடம் ஓடியது. ஒரு நாள் மதியம் ஜெசி போன் பண்ணினாள். குரலில் அப்படி ஒரு துள்ளல்.

"ஏங்க, அம்பாசமுத்திரத்துல கணக்கு டீச்சர் இடம் ஒண்ணு காலியாவுதாம். இந்தக் கவுன்சிலிங்ல வருது. புருசன் திருநெல்வேலில வேல பாக்காருன்னு உங்க ஆபீஸ்ல ஒரு சான்று வாங்கிட்டீங்கன்னா எனக்குத்தான் முன்னுரிமை. பெர்லின ஒண்ணாம் வகுப்புக்கு அங்கனயே சேத்துரலாம். நீங்க தெனமும் வீட்டுல இருந்தே போயிட்டு வரலாம்."

"ஒரு சான்றுதானே, நாளைக்கே வாங்கிருதேன்" என்றான் ரிச்சர்ட்.

கண்காணிப்பாளர் தேன்மொழி நல்ல மனுஷி. ரிச்சர்டுக்கு இடுப்பு வலித்தைலம் வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். விதி என்று வந்துவிட்டால் மட்டும் தன் பிள்ளைக்குக்கூட வளைய மாட்டார்.

"குடுக்கலாம் தம்பி. ஆனா நம்ம வாரியத்துல தகுதிகாண் பருவம் முடிச்சவங்களுக்குத்தான் இந்தச் சான்று."

"ரெண்டு வருசம் ஆயிட்டே மேடம்."

"வருசம் ஆயிட்டு. வேல ஆவலயே. பணியைத் திருப்திகரமாச் செய்தாருன்னு நான் எழுதணும்லா? உன் பணி என்ன?"

"சாய்வுத்தாங்கிகளச் செயல்பட வைக்கது."

"எப்பம்?"

"நில அதிர்வின்போது."

"வந்துட்டா?"

"எது மேடம்?"

"அதிர்வுதான்."

"இல்ல."

"அப்பொறம் எப்படித் தம்பி?" என்றார் தேன்மொழி. அவருக்கே வருத்தமாகத்தான் இருந்தது. "செய்யாத வேலயச் செஞ்சதா எழுதினா நாளைக்கு என் பென்சன்ல கைய வச்சிருவாங்க. நீ மனசத் தளரவிடாத. சின்னதா ஒண்ணு வந்தாக்கூடப் போதும்."

ரிச்சர்ட் வாசலுக்கு வந்து நின்றான். எதிரே வயல், அதற்கப்பால் மேற்கே மலை. எல்லாம் அசையாமல் நின்றன. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த அமைதியைப் பார்த்து அவனுக்கு எரிச்சல் வந்தது.

அதே வாரம் தணிக்கைக்காரர் குற்றாலலிங்கம் வந்து சேர்ந்தார். அலுவலகத்துத் தண்ணீரைக்கூடக் குடிக்க மாட்டார், வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுவருவார். கட்டடத்தைச் சுற்றி வந்து எல்லாத் தாங்கிகளையும் விரலால் சுண்டிப் பார்த்தார். பிறகு இயக்குநரோடு அவருடைய அறைக்குள் குனிந்து நுழைந்தார். வெளியே அத்தனை பேரும் அவருக்கும் கீழே குனிந்து நின்றதைப் பார்த்து, இந்த ஊரில் தணிக்கைக்கு இவ்வளவு மரியாதையா என்று கொஞ்சம் நெகிழ்ந்துகூடப் போனார். ஆனால் அதைக் குறிப்பில் காட்டவில்லை.

"இந்தச் சாய்வுத்தாங்கியெல்லாம் மாட்டின நாள்லருந்து ஒரு தடவகூடப் பயன்படுத்தலியே, ஏன்?"

"பூகம்பம் வரலியே சார்" என்றார் இயக்குநர்.

"வராத பூகம்பத்துக்கு ஏன் வாங்குனீங்க?"

"வந்தா வேணுமே."

"வந்த பொறவு வாங்கியிருக்கலாம்லா?"

இயக்குநர் சுவரைக் காட்டினார். "தீயணைக்கிற சிலிண்டர்கூடச் சும்மாத்தான் தொங்குது."

"பாத்தேன். அதுக்குத் தனியா ஒரு பத்தி எழுதியிருக்கு" என்றார் குற்றாலலிங்கம்.

அவர் போன பிறகு அவசரக் கூட்டம் நடந்தது. சாய்வுத்தாங்கிகளை உடனே பயன்படுத்தியாக வேண்டும். இல்லாவிட்டால் வீண்செலவு என்று சென்னைக்குப் போய்விடும். வேறு மாநிலத்தில் பூகம்பம் வருகிற இடத்துக்குக் கட்டடத்தைக் கழற்றிக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வரலாமா என்று ஒருவர் கேட்டார். கங்கைகொண்டான் தொழிற்பேட்டைக்குப் போகிற லாரிகள் வாசலைக் கடக்கும்போது கண்ணாடி லேசாக அதிர்கிறதே, அதைக் கணக்கில் எடுக்கலாமா என்று இன்னொருவர் கேட்டார். இயக்குநர் இரண்டையும் கேட்டுவிட்டுக் கண்ணை மூடி யோசித்தார்.

"அதிர்வு வரும்னு காத்திருக்கது அரசுக்கு அழகில்ல. நாமளே நடத்துவோம்" என்றார்.

அப்படி வந்ததுதான் அதிர்வு விழா. பணியாளர்கள் அனைவரும் மேல்தளத்தில் கூடிக் குதிப்பது, அந்த அதிர்வில் சாய்வுத்தாங்கிகள் செயல்படுவது, அதைப் படம்பிடித்துத் தணிக்கைக்கு அனுப்புவது. இந்தத் திட்டத்தைக் கேட்டு உண்மையாகவே சந்தோஷப்பட்ட ஒரே ஆள் ரிச்சர்ட்தான். கவுன்சிலிங்குக்கு இன்னும் நாள் இருந்தது. தரை கொஞ்சம் ஆடி, தாங்கி கொஞ்சம் வேலை செய்தால் தேன்மொழி மேடம் எழுதிவிடுவார். ஜெசி அம்பாசமுத்திரத்துக்கு வந்துவிடுவாள். ராத்திரி அப்பாவிடம் சொன்னான். அவர் சாப்பிடுகிற கையை நிறுத்திவிட்டு, "உங்க ஆபீஸ்ல எல்லாரும் நல்லாத்தான இருக்காங்க?" என்று கேட்டார்.

விழா அன்று பந்தல், நையாண்டி மேளம், எல்லோருக்கும் கேசரி. மேளக்காரர்கள் வாசித்த வாசிப்பில் ஜன்னல் கண்ணாடி கொஞ்சம் அதிர்ந்தது உண்மை. ஆனால் குதிப்பதற்கு நேரம் வந்தபோது ஒரு சங்கடம் முளைத்தது. இயக்குநரும் கடைநிலை ஊழியரும் ஒரே நேரத்தில் ஒன்றாகக் குதிப்பது முறையா? யார் கால் முதலில் தரையில் பட வேண்டும்? விதியில் இதற்கு இடமே இல்லை. கொஞ்ச நேர வாக்குவாதத்துக்குப் பிறகு பணிமூப்பு வரிசைப்படி ஒருவர் பின் ஒருவராகக் குதிப்பது என்று முடிவானது. இரண்டு பேருக்குள் யார் மூத்தவர் என்று நீதிமன்றத்தில் வழக்கு நடந்துகொண்டிருந்தது. அவர்கள் குதிப்பதற்குத் தீர்ப்பு வரும்வரை தடை என்று ஒதுங்கிக்கொண்டார்கள்.

முதலில் இயக்குநர் சிவப்புக் கம்பளத்தின் மேல் குதித்தார். கைதட்டல். மேளம் ஒரு சுற்று. பிறகு துணை இயக்குநர். பிறகு உதவி இயக்குநர். அவருக்கு முட்டுவலி என்பதால் குதித்ததாக எடுத்துக்கொள்ளப்பட்டது. ரிச்சர்ட் முறை வந்தபோது கேசரி தீர்ந்துவிட்டது, இயக்குநர் கீழே போய்விட்டார். ரிச்சர்ட் இடுப்பு வலியைப் பொருட்படுத்தாமல் தன் பலம் முழுவதையும் திரட்டிக் குதித்தான். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்து இன்னொரு தடவையும் குதித்தான். ஜெசிக்காக ஒன்று, பெர்லினுக்காக ஒன்று என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டான். மஞ்சள் தாங்கி மஞ்சள் தாங்கியாகவே இருந்தது.

விருந்தினராக வந்திருந்த ஸ்னேகாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கீழே இயக்குநரிடம் போய், "எல்லாரும் சேந்து ஒண்ணாக் குதிச்சாலும் ஒண்ணும் ஆகாது சார். பூமியே ஆடினாத்தான் இது ஆடும். நல்ல இரும்பு" என்றாள்.

இயக்குநர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அறிக்கை எழுதச் சொன்னார். அதிர்வு சிறப்பாக நடைபெற்றது, சாய்வுத்தாங்கிகள் ஒத்துழைக்கவில்லை.

ரிச்சர்ட் அந்த அறிக்கையைத் தூக்கிக்கொண்டு தேன்மொழியிடம் ஓடினான். "மேடம், அதிர்வு நடைபெற்றதுன்னு சாரே கையெழுத்துப் போட்டாச்சு. இப்பம் என் பருவத்த முடிச்சிரலாம்லா?"

தேன்மொழி முழுவதையும் படித்துப் பார்த்தார்.

"தம்பி, அதிர்வு வந்துச்சுன்னு நான் எழுதினா, தாங்கி வேல செய்யலன்னும் எழுதணும். வேல செய்யாத தாங்கிக்கு நீதான் காப்பாளர். மெமோ வரும். அதிர்வே வரலன்னு எழுதினா நீ இன்னும் பணிய ஆரம்பிக்கல. மெமோ வராது, பருவமும் முடியாது. உனக்கு எது வேணும்னு நீயே சொல்லு."

ரிச்சர்ட் ரொம்ப நேரம் யோசித்து, "வரலன்னே இருக்கட்டும் மேடம்" என்றான்.

அன்றைக்கு ஜெசியிடம் போனில் விஷயத்தைச் சொன்னான். "சரி, கவுன்சிலிங்குக்கு இன்னும் ஒரு வாரம் இருக்குல்லா" என்று மட்டும் சொன்னாள். பிறகு, "இந்த ஞாயித்துக்கிழம பெர்லின் பொறந்தநாளு. போன வருசமும் நீங்க வரல. இந்தத் தடவயாவது வாங்க. முந்தாநாள்லருந்து வாசல்லயே உக்காந்திருக்கா" என்றாள்.

போவதா வேண்டாமா என்று தேன்மொழியிடம் கேட்டான். "ஞாயித்துக்கிழமதான தம்பி. ஆபீஸ் பூட்டித்தான் கெடக்கும். பைய போயிட்டு வா" என்றார் அவர். குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்த சமயம், இயக்குநரும் ஊரில் இல்லை.

சனிக்கிழமை கிளம்பிய ரிச்சர்ட் ஞாயிற்றுக்கிழமை காலையில் தாளவாடியில் இறங்கினான். பெர்லின் முதலில் அம்மா சேலைக்குப் பின்னால் ஒளிந்தாள். கொஞ்சம் பழகிய பிறகு மடியில் ஏறி உட்கார்ந்து இறங்கவே மாட்டேன் என்றாள். கேக் வெட்டி அவன் வாயில் ஊட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"தம்பி, எங்க இருக்க? வந்துட்டு!" தேன்மொழிக்கு மூச்சு வாங்கியது.

"என்ன மேடம் வந்துட்டு?"

"அதிர்வுதான் தம்பி! நெசமான அதிர்வு! இப்பந்தான், கொஞ்சம் முன்ன. வீட்டுல பாத்திரமெல்லாம் உருண்டுட்டு. தெருவே வெளிய வந்து நிக்கி."

ரிச்சர்டுக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைப்பதில் பயனில்லை. அவன் மடியில் இருந்த குழந்தையைத் தூக்கி அந்தரத்தில் நிறுத்திவிட்டான். பிறகுதான் பாளையங்கோட்டையில் அப்பா தனியாக இருப்பது நினைவுக்கு வந்து வெட்கப்பட்டான்.

"யாருக்கும் ஒண்ணும் ஆவலியே மேடம்?"

"ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல. உங்க அப்பாகிட்டயும் பேசிட்டேன், நல்லா இருக்காரு. நீ எங்க இருக்கன்னு கேட்டேனே?"

"தாளவாடில."

தேன்மொழி, "ஏசப்பா" என்றார். அவர் முருக பக்தை. அவனுடைய நிலைமையைப் பார்த்து அவனுடைய தெய்வத்தையே கூப்பிட்டுவிட்டார் போலிருக்கிறது.

பிறந்தநாள் சோற்றில் கைகூட வைக்காமல் ரிச்சர்ட் அடுத்த பேருந்தைப் பிடித்தான். பெர்லின் வாசல்வரை அழுதுகொண்டு வந்தாள். மறுநாள் அவன் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே இயக்குநருக்கு மாலையும் சால்வையுமாகப் பாராட்டு விழா நடந்துகொண்டிருந்தது.

"அதிர்வு வந்தபோது நான் குற்றாலத்தில் கள ஆய்வில் இருந்தேன்" என்று இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார். "அருவியின் கீழ் நிற்கும்போதுகூட என் மனம் அலுவலகத்தைத்தான் நினைத்தது. இந்த அதிர்வில் நெல்லைச் சீமையில் ஒரு சுவர் விழவில்லை. ஒரு உயிர் போகவில்லை. வாரியம் வருவதற்கு முன்பும் இங்கே எதுவும் விழுந்ததில்லை என்று சிலர் சொல்லலாம். அப்போது அது தற்செயல். இப்போது அது சாதனை."

ஸ்னேகா வந்து எல்லாத் தாங்கிகளையும் சோதித்துப் பார்த்திருந்தாள். "லேசான ஆட்டம் சார். தாங்கிக்கு வேலையே வரல. எல்லாம் நல்லா இருக்கு" என்று சொன்னாள்.

"வேல வரலன்னு யாரு பாத்தா? பாக்க வேண்டிய ஆளு எங்க?" என்றார் இயக்குநர்.

பாராட்டு விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ரிச்சர்டின் கையில் குற்றச்சாட்டுக் குறிப்பாணையைக் கொடுத்தார்கள். நில அதிர்வு ஞாயிற்றுக்கிழமைகளில் வராது என்று எந்த அரசாணையும் இல்லாத நிலையில், வாரிய வரலாற்றின் ஒரே நில அதிர்வின்போது, சாய்வுத்தாங்கிகளை ஆதரவின்றி விட்டுவிட்டு, அனுமதியின்றித் தலைமையிடத்தைவிட்டு நீங்கியதால் தற்காலிகப் பணிநீக்கம். தேன்மொழி வாயால் சொன்ன அனுமதி செல்லாது. அதை எழுத்தில் கொடுத்திருந்தால் அவரும் செல்லாமல் போயிருப்பார். விசாரணை முடியும்வரை ரிச்சர்ட் திருநெல்வேலியைவிட்டு வெளியே போகக் கூடாது என்று கீழே எழுதியிருந்தது.

"விசாரண எப்பம் மேடம் முடியும்?" என்று கேட்டான்.

தேன்மொழி தலையைத் தூக்கிப் பேசவில்லை. "நீ இல்லாததுனால தாங்கி வேல செய்யலியா, இல்ல வேலையே வரலியான்னு தெரியணும்லா தம்பி. நீ பக்கத்துல நிக்கும்போது எப்படி இருக்குன்னு பாத்து ஒப்பிட்டுத்தான் முடிவு எழுதணுமாம்."

"அதுக்கு?"

"இன்னொண்ணு வரணும்."

"நான் சஸ்பெண்டுல இருக்கேனே மேடம். வந்தாலும் உள்ள விட மாட்டாங்களே?"

"அதுக்கு நீ ஒரு விண்ணப்பம் குடுத்தா பரிசீலிப்பாங்க" என்றார் தேன்மொழி. "அதிர்வு முடியதுக்குள்ள குடுக்கணும்."

அம்பாசமுத்திரத்து இடத்துக்கு வேறொரு ஆசிரியை வந்துவிட்டார். அவர் கணவர் ஏதோ ஒரு அலுவலகத்தில் பருவம் முடித்தவர், நல்ல மாதிரி. ஜெசி கவுன்சிலிங்கிலிருந்து திரும்பி வந்து போனில் பேசியபோது அழவில்லை. அழுதிருந்தால் ரிச்சர்டுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"பெர்லின இங்கனயே ஒண்ணாம் வகுப்புல சேத்துட்டேன்" என்றாள்.

"நல்லது."

"நீங்க எப்பம் வருவீங்கன்னு கேக்கா. நான் என்ன சொல்ல?"

கேட்டுவிட்டு, பால் பொங்குகிறது என்று ஜெசியே போனை வைத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய சபைக் கோயிலில் ஸ்தோத்திர ஆராதனை. பூமி அதிர்ந்தும் ஒருவருக்கும் ஒரு சேதமில்லாமல் காத்ததற்காகச் சபையார் எல்லோரும் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். இடமே இல்லை. ரிச்சர்ட் அப்பாவோடு பின்வரிசையில் முழங்காலில் நின்றான். சபைப் போதகர் ஐயரவர்கள் கண்ணை மூடி, நல்ல உருக்கமாக, குரல் நடுங்க ஜெபம் பண்ணினார். எங்கள் பிள்ளைகளையும் எங்கள் வீடுகளையும் நினைத்தருளும் கர்த்தாவே, இந்த ஊரில் இனி ஒருபோதும் பூமி அதிராதபடி உம்முடைய கரத்தால் பிடித்துக்கொள்ளும் என்று கேட்டார்.

கோயில் முழுவதும் ஒரே குரலில் ஆமென் என்றது. அப்பாவும் சொன்னார். சொல்லிவிட்டு, பக்கத்தில் சத்தம் வராததைக் கவனித்து மகனைத் திரும்பிப் பார்த்தார். ரிச்சர்ட் கண்ணை இறுக மூடிக்கொண்டு, வாயைத் திறக்காமல் நின்றான்.